கார் பேச்சு

திருச்செந்தூரிலிருந்து வந்த கார் தென்திருப்பேரையில் சாரங்கபாணி வீட்டு முன்னால் ஹாரன் அடித்து அடித்துத் தொண்டை கட்டிப்போனது. முன்சீட்டில் பட்டிமன்ற நடுவர் செந்தூர்வேல். பின்சீட்டில் ஹேமாம்புஜம். பேச்சாளர் சாரங்கபாணிதான் இன்னும் வெளியே வரவில்லை. சீக்கிரம் வருவாரா? நாலு பேரைக் காக்க வைத்தால்தானே பெரிய மனுஷனுக்குப் பெருமை! கடைசியில் நெற்றியில் பளிச்சென்று திருமண், தோளில் அங்கவஸ்திரம், கமகமவென்று ஜவ்வாது வாசனை சகிதம் படி இறங்கினார். கோயில் கொடையில் வெட்டப்போகிற கிடாவுக்கும் மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஹேமாம்புஜம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"என்ன ஹேமா, பயமா இருக்கா? உனக்கு முதல் மேடையாச்சே" என்றார்.

"நீங்க இருக்கேளே மாமா, எனக்கென்ன பயம்?" என்றாள். வாயில் தேன். வயிற்றில் நெருப்பு.

அந்த நெருப்பு மூன்று வருஷமாக எரிகிறது. ஹேமாம்புஜம் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் ஹார்பரில் வேலை பார்க்கிறவர்கள். ஒரு நாள் சுஜிதா என்ற பெண் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், கப்பலோட இடது பக்கத்தைப் போர்ட்டுன்னு எங்கப்பா சொல்லுதாங்க. கப்பல் வந்து நிக்கிற இடமும் போர்ட்டு. கம்ப்யூட்டர்ல பென்டிரைவ் சொருகுற ஓட்டையும் போர்ட்டு. இங்கிலீஷ்காரனுக்கு வேற சொல்லே கிடைக்கலையா?"

ஹேமாம்புஜத்துக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி அவளைச் சோறு தின்ன விடவில்லை. பிடித்தது பைத்தியம். அகராதி அகராதியாகப் புரட்டினாள். சம்பளத்தில் புடவை எடுக்காமல் புத்தகம் வாங்கினாள். ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் கப்பல் கேப்டன்களை மறித்து நிறுத்திக் கேள்வி கேட்டாள். அவர்கள் முதலில் ஏதோ நன்கொடை வசூல் என்று பயந்து ஒதுங்கினார்கள். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, போர்ட் என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றி, படிக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே படிக்கிற மாதிரி ஒரு புத்தகத்துக்கு ஆகிற கட்டுரைகளைத் தமிழில் எழுதி முடித்தாள்.

இனி அணிந்துரை வேண்டும். நம் ஊரில் அணிந்துரை இல்லாத புத்தகம் நாயனம் இல்லாத கல்யாணம் மாதிரி. யாரிடம் கேட்பது? தென்திருப்பேரையில் அவள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, காலேஜில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்து ரிட்டையர் ஆன சாரங்கபாணி இருந்தார். பட்டிமன்றப் புலி. ஜில்லா முழுக்கப் பேர் போனவர். கொண்டுபோய்க் கொடுத்து, காலில் விழுந்து ஆசீர்வாதமும் வாங்கி வந்தாள். பாக்கறேம்மா என்றார். பாத்துண்டே இருக்கேம்மா என்றார். பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு நாள் புத்தகமாகவே போட்டுவிட்டார். அட்டையில் ஆசிரியர் பேராசிரியர் சாரங்கபாணி. பின்னட்டை முழுக்க, கன்னத்தில் கை வைத்து யோசிக்கிற அவர் போட்டோ. உள்ளே நன்றி சொல்லும் பக்கத்தின் கடைசி வரியில், "கையெழுத்துப் படி எடுத்து உதவிய செல்வி ஹேமாம்புஜத்துக்கு."

படி எடுத்தவளாம்! எழுதினவளைப் படி எடுத்தவள் ஆக்கிவிட்டான் பாவி. உள்ளே ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அவள் அழுதுகொண்டே போய்க் கேட்டபோது சாரங்கபாணி ஊஞ்சலை நிறுத்தக்கூட இல்லை. "சொல்லெல்லாம் அகராதியில கெடக்கும்மா. நீயும் அங்கேர்ந்துதான் எடுத்தே, நானும் அங்கேர்ந்துதான் எடுத்தேன். இதுல உன்னுது என்ன, என்னுது என்ன? எம் பேர்ல வந்தா நாலு பேர் படிப்பா. நல்லதுதானே?" என்றார். சொந்தக்காரர்களிடம் சொன்னாள். பெரியவாளோட வம்பு எதுக்கு என்று வாயை மூடச் சொன்னார்கள். மூடிக்கொண்டாள். ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் அவளுக்கு வேண்டியிருந்தது. 'அது ஹேமாம்புஜம் எழுதினது' என்ற வாக்கியம். அதுவும் அந்த ஆள் வாயிலிருந்து, மைக்கில், ஊர் கேட்க வரவேண்டும். காசு வேண்டாம், கோர்ட்டு வேண்டாம். அந்த வாக்கியம் வராமல் அவள் சாவதாக இல்லை.

தெய்வம் கண் திறந்தது டிக்சன் ரூபத்தில். டிக்சன் ஹார்பருக்கு வருகிற சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட். ஏஜென்டுகள் சங்கத்துக்குச் செயலாளர். கடல்சார் தினத்துக்குப் பட்டிமன்றம் வைக்கலாம் என்று அவருக்கு ஓர் ஆசை. சாரங்கபாணி புத்தகத்தைப் படித்துச் சொக்கிப்போயிருந்ததால் தலைப்பையும் அதிலேயே எடுத்தார்: 'போர்ட் என்ற சொல்லுக்குப் பெருமை சேர்ப்பது கடலா, கரையா?' சங்கத்தில் சிக்கனம் பார்த்து, ஆறு பேச்சாளருக்குப் பதிலாக இரண்டே பேர் போதும் என்று முடிவு செய்தார்கள். கடலுக்குச் சாரங்கபாணி. கரைக்குப் பேச இருந்தவருக்குக் காய்ச்சல். "நம்ம ஹேமா இருக்காளே, ரெண்டு வார்த்தை பேசிட்டு சமத்தா உக்காந்துடுவா" என்று சாரங்கபாணியே அவள் பேரைச் சொல்லியிருக்கிறார். பூனைக்கு மணி கட்ட அந்தப் பூனையே கயிறு வாங்கிக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

கார் ஏரல் பாலத்தில் ஏறியது. செந்தூர்வேல் பின்னால் திரும்பி உட்கார்ந்து, "அப்ப, பங்கு போட்டிருவோமா?" என்றார்.

கீழே உட்கார்ந்து பட்டிமன்றம் கேட்கிறவர்களுக்கு இந்த ரகசியம் தெரியாது. மேடையில் கடித்துக் குதறிக்கொள்கிற இரண்டு அணியும் ஒரே காரில்தான் வரும். எந்தச் சிரிப்பை யார் சொல்வது, எந்தக் கருத்தை யார் எடுப்பது, யார் அடிப்பது, யார் அடிபடுவது எல்லாம் காரிலேயே பேசி முடிந்துவிடும். காரில் ஒருவருக்கு என்று ஒதுக்கிய பாயின்டை இன்னொருவர் மேடையில் தொடக் கூடாது. எழுதாத சட்டம். கட்டின தாலியை மதிக்காதவர்கள்கூடக் கார் பேச்சை மதிப்பார்கள்.

"கப்பல் இடது பக்கம் எனக்கு" என்றார் சாரங்கபாணி.

"எடுத்துக்கோங்கோ மாமா."

"ஆப்பர்ச்சூனிட்டி எனக்கு. அது கைதட்டல் வாங்கும்."

"உங்களுக்குத்தான்."

"ஒயினும் நானே சொல்லிடறேன். பொம்மனாட்டி வாயால அதெல்லாம் நன்னா இருக்காது."

"ஆமாம் மாமா."

செந்தூர்வேலுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயா, கதவு, சுமை, கம்ப்யூட்டர்லாம் கரைப் பக்கம்லா? அதையாவது மேடத்துக்கு விடுங்க" என்றார்.

"அதையும் மாமாவே சொல்லிக் கடல் பக்கம் திருப்பிடட்டும் அண்ணாச்சி. நான் பொதுவா ரெண்டு வார்த்தை பேசறேன்" என்றாள் ஹேமாம்புஜம்.

சாரங்கபாணிக்கு வாயெல்லாம் பல். பந்தியில் பக்கத்து இலை வடையையும் சேர்த்து எடுத்துக்கொண்ட திருப்தி. பழையகாயல் தாண்டி உப்பளம் வந்ததும் தூங்கியே போய்விட்டார். தூங்கட்டும், தூங்கட்டும் என்று ஹேமாம்புஜம் ஜன்னலை ஏற்றிவிட்டாள். அவருக்கு ஒதுக்கிய ஒவ்வொன்றையும் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். வைத்திருக்க மாட்டாளா, அவள் எழுதியதாயிற்றே! அந்த ஆளுக்குச் சொந்தச் சரக்கு ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. அவள் முதலில் பேசுகிறவள். சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில். அது மேடை வழக்கம்.

கடற்கரைச் சாலை மண்டபத்தில், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கூட்டம் நிரம்பியிருந்தது. லாரி டிரைவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், ஏஜென்ட் ஆபீஸ் பெண்கள், மீன்காரர்கள். வாசல் மேஜையில் சாரங்கபாணியின் புத்தகம் அடுக்கியிருந்தது. புன்னைக்காயலிலிருந்து வந்திருந்த பிளாரன்ஸ் என்ற கருவாட்டு வியாபாரி காலேஜ் படிக்கிற மகளுக்காக ஒன்று வாங்கினாள். சாரங்கபாணி தானே பேனாவைத் திறந்து, 'நூலாசிரியரின் அன்புடன்' என்று நீட்டி முழக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஹேமாம்புஜம் மைக் முன்னால் போய் நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். திரும்பிச் சாரங்கபாணியைப் பார்த்தாள். சோடாவை உறிஞ்சிக்கொண்டு டிக்சனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இங்க ஹார்பர்ல வேலை பார்க்கிறவங்க கை தூக்குங்க" என்றாள். பாதி மண்டபம் தூக்கியது. "நீங்க தினமும் சொல்ற போர்ட்டு லத்தீன்காரன் சொல்லு. அவனுக்கு போர்ட்டூஸ்னா துறை. போர்ட்டானா கதவு. ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. கடலுக்குக் கதவு துறைமுகம். கம்ப்யூட்டருக்குக் கதவு அந்தப் பென்டிரைவ் ஓட்டை. கப்பல்ல வட்டமா ஜன்னல் இருக்கே, அந்தப் போர்ட் ஹோலும் கதவுதான். பீரங்கி மூக்கை நீட்டறதுக்காக வச்ச கதவு!"

சாரங்கபாணி சோடா பாட்டிலைக் கீழே வைத்தார்.

அவள் நிறுத்தவில்லை. "கப்பலோட இடது பக்கம் ஏன் போர்ட்டு? அந்தக் காலத்துல திருப்புற துடுப்பு வலது பக்கம் கட்டியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கரையில மோத விட்டா துடுப்பு முறிஞ்சிடும். அதனால இடது பக்கத்தைத்தான் கரையோட அணைப்பாங்க. கரையைப் பார்த்த பக்கம் போர்ட்டு! அதுக்கு முன்னால அந்தப் பக்கத்துக்கு லார்போர்டுன்னு பேரு. வலது பக்கம் ஸ்டார்போர்டு. புயல்ல கத்தினா ரெண்டும் ஒண்ணு போலக் கேட்கும். இடதுன்னா வலது திருப்பினான். அந்தப் பேரையே தூக்கிக் கடல்ல போட்டுட்டாங்க."

கிரேன்காரர்கள் விசில் அடித்தார்கள். அவள் சுமையைச் சொன்னாள். தூக்குவதற்கும் லத்தீனில் ஏறக்குறைய இதே சொல்தான், அதில் பிறந்தவன் போர்ட்டர், வெளியே தூக்கினால் எக்ஸ்போர்ட், உள்ளே தூக்கினால் இம்போர்ட் என்றாள். லாரி டிரைவர்கள் தொடையைத் தட்டினார்கள். ஓபோர்ட்டோ என்ற ஊரிலிருந்து கப்பலேறிய ஒயினுக்கு ஊர்ப் பேரே ஒட்டிக்கொண்டதைச் சொன்னாள். அந்த நாட்டுப் பேரிலேயே போர்ட் இருக்கிறது, அந்தப் போர்ச்சுகல்காரன்தான் இந்தக் கரையில் வந்து இறங்கினான், இங்கே பாதிப் பேருக்குக் குடும்பப் பேரே அவன் கொடுத்தது என்றதும் மண்டபம் அதிர்ந்தது.

சாரங்கபாணிக்கு முகம் வேர்த்துவிட்டது. நடுவர் காதில் குனிந்து, "என்னய்யா இது அக்கிரமம், கார்ல பேசினது என்ன, இவ பேசறது என்ன" என்று பொருமிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஹேமாம்புஜம் சொன்னாள்: "கடைசியா ஒரு பொய்யையும் சொல்லிடறேன். பாஷ்னு ஒரு சொல் இருக்கே, பகட்டு. இந்தியாவுக்கு வர்ற வெள்ளைக்காரன் வெயில் படாம இருக்க, வரும்போது போர்ட் பக்கம், போகும்போது ஸ்டார்போர்டு பக்கம் ரூம் எடுத்தான், போர்ட் அவுட் ஸ்டார்போர்டு ஹோம், அந்த நாலு வார்த்தையோட முதல் எழுத்துதான் பாஷ்னு ஒரு கதை. சுத்தப் புளுகு. அப்படி அச்சடிச்ச டிக்கெட்டை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்லை. யாராவது உங்ககிட்டச் சொன்னா நம்பாதீங்க."

செந்தூர்வேல் மணியை அடித்தார். "மணியத் தூரப் போடும்வே, டீச்சர் பேசட்டும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் ஆப்பர்ச்சூனிட்டியை எடுத்தாள். பாய்மரக் காலத்தில் கப்பலைத் துறை பக்கம் தள்ளுகிற காற்றுக்கு லத்தீன்காரன் வைத்த பெயர் அது, அந்தக் காற்று வரும்வரை நடுக்கடலில் காத்துக் கிடக்கத்தான் வேண்டும், வந்ததும் பாயை விரித்துவிட வேண்டும் என்றாள். "எனக்கு இன்னிக்குக் காத்து வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கைதட்டல் அடங்க நேரமானது.

சாரங்கபாணி எழுந்தார். புலியாயிற்றே, அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு, தமிழ்த்தாயை வணங்கி, கடலன்னையை வணங்கி, டிக்சனையும் டிக்சன் சம்சாரத்தையும் வணங்கினார். வணங்க ஆள் தீர்ந்துபோனது. தொண்டையைச் செருமினார். "இப்ப யாருமே சொல்லாத ஒரு செய்தி சொல்லப்போறேன். பாஷ் அப்படின்னு ஒரு சொல். வெள்ளைக்காரன் கப்பல்ல இந்தியாவுக்கு வரச்சே..."

சிரிப்பு முதலில் ஒரு மூலையில் கிளம்பியது. பிறகு மண்டபமே சிரித்தது. தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார். ஒரு டிரைவர் எழுந்து, "டிக்கெட்டு இருக்கா ஐயா?" என்று கேட்ட பிறகுதான் முகம் செத்தது.

மேடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பேச வந்தவருக்கு வறட்சி தட்டினால், எதிரணி ஆளானாலும் பக்கத்தில் இருப்பவர் மெல்ல ஒரு பாயின்ட் எடுத்துக் கொடுப்பார். சாரங்கபாணி திரும்பி ஹேமாம்புஜத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் கண்ணில் இருந்த அதே கெஞ்சல். அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. மைக் தொடாத குரலில் எடுத்துக் கொடுத்தாள்: "அது ஹேமாம்புஜம் எழுதினதுன்னு சொல்லுங்கோ மாமா. சொன்னா தப்பிச்சுடுவேள்."

மனுஷன் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். பிறகு, அட, மேடை மன்னனய்யா அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குரலைக் குழைத்தார். "சகோதரி பேசினாளே, எவ்வளவு அழகு! எம் புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் அவ எழுதினதுதான். இதை இந்த மேடையில சொல்றதுல எனக்கு வெட்கம் இல்லை, பெருமை!"

கைதட்டல். என்ன பெருந்தன்மை, என்ன மனசு என்று முன்வரிசை உருகியது. டிக்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொன்னாடையைப் பிரித்தார். மூன்று வருஷம் தவம் கிடந்து வாங்கின வாக்கியத்தையும் அந்த ஆள் தனக்கு மாலையாகப் போட்டுக்கொண்டானே! ஹேமாம்புஜம் எழுந்து கத்தப் போனாள்.

அதற்குள் கீழேயிருந்து சத்தம் வந்தது. பிளாரன்ஸ் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ஏன் ஐயா, ஒரு சந்தேகம். அந்தம்மா எழுதுனதுன்னா, புஸ்தகத்துல உம்ம பேரு எப்படி வந்துச்சு?"

பொன்னாடையோடு வந்த டிக்சன் அப்படியே நின்றார்.

"அது... அச்சுப் பிழைம்மா" என்றார் சாரங்கபாணி.

"பேரு பிழையா அச்சாகலாம். பின்னட்டையத் திருப்புனா உம்ம போட்டோல்லா இருக்கு! கன்னத்துல கை வச்சிக்கிட்டு! இதுவுமாய்யா பிழையா அச்சாச்சு? இப்பத்தான வாசல்ல வச்சு நூலாசிரியர்னு கையெழுத்துப் போட்டீரு, அது பேனாப் பிழையா? எங்க கடக்கரையில அடுத்தவன் வலையில கெடக்க மீன எடுத்தா அதுக்கு வேற பேரு!"

அப்புறம் மண்டபத்தில் கிளம்பிய சிரிப்பை மைக் வைத்தும் அடக்க முடியவில்லை. சிலர் புத்தகத்தைக் கொண்டுவந்து மேடை விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்கள். சாரங்கபாணி பக்கவாட்டுப் படியில் இறங்கி, செருப்பைத் தேடி, கிடைக்காமல், வெறுங்காலோடு வெளியேறினார். டிக்சன் பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியாமல் நடுவருக்கே போர்த்திவிட்டார்.

திரும்பும்போது காரில் செந்தூர்வேல் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, முன்னால் பார்த்தபடியே சொன்னார். "மேடம், உங்க பக்கம் ஞாயம் இருக்கு, இல்லேங்கல. ஆனா கார்ல பேசுனத மேடையில மீறிட்டீங்க. இனி எவனும் உங்கள ஒரு மேடைக்கும் கூப்பிட மாட்டான். நானும் கூப்பிட மாட்டேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு இந்த ஒரு மேடை போதும்" என்றாள்.

திருச்செந்தூர் பஸ் நிற்கும் இடத்தில், கொதிக்கிற தாரில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார் சாரங்கபாணி. டிரைவர் மாரிராஜ் தானாகவே வேகத்தைக் குறைத்தான். அவர் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். ஜவ்வாது போய் வியர்வை நாறியது. ஹேமாம்புஜம் கண்ணாடியை இறக்கினாள்.

"தப்புதான் ஹேமா. அடுத்த பதிப்புல உன் பேரைப் போட்டுடறேன். அட்டையிலேயே போட்டுடறேன்" என்றார்.

சத்தியமாக அவளுக்கு நெஞ்சு இளகியது. கதவைத் திறக்கக் கை போனது.

"எம் பேருக்குக் கீழே, கொஞ்சம் சின்னதா. சரிதானே?" என்றார்.

கை திரும்பி வந்தது. கண்ணாடியை ஏற்றினாள். "மாரிராஜ், வண்டியை எடுப்பா."

"ஐயா இன்னும் ஏறலையே மேடம்?"

"பஸ் வரும், ஏறிப்பார்" என்றாள்.

கார் நகர்ந்தது. செந்தூர்வேல் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். ஹேமாம்புஜம் இரக்கம் வருகிறதா என்று தன்னையே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். வரவில்லை. பசிதான் வந்தது. வழியில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து நிறுத்தச் சொன்னாள்.